கொம்புக்குக் கீழே யார் பெயர்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டெக்சாஸில் இருக்கும் என் பள்ளி நண்பன் வாட்ஸாப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினான். பின்னாலேயே ஒரு குரல் பதிவு: "மாப்ள, நீ கார்கோ சாஃப்ட்வேர்லதான இருக்க? இந்தக் கொட்டேஷனக் கொஞ்சம் பாரேன். நம்ம தலையில மொளகா அரைக்கிறானுகளோன்னு டவுட்டா இருக்கு."

நமீபியாவுக்குப் பத்து நாள் வேட்டைக்குப் போய்வந்திருக்கிறான். கூடூ என்கிற முறுக்குக் கொம்பு மான் ஒன்று, ஜெம்ஸ்பாக் ஒன்று, ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி ஒன்று. அவற்றின் தலைகளைப் பத்திரப்படுத்தி, பெட்டியில் அடைத்து, அமெரிக்காவுக்கு அனுப்ப ஒரு நிறுவனம் கொடுத்த விலைப்பட்டியல் அது.

வேலைப் பழக்கத்தில் வரிவரியாகப் பார்த்தேன். தோலையும் மண்டையோட்டையும் பூச்சிமருந்தில் முக்கி எடுக்க ஒரு தொகை. மரப்பெட்டி ஒரு தொகை. கால்நடை மருத்துவச் சான்று, ஏற்றுமதி அனுமதி. விமானக் கட்டணம் கனஅளவுக் கணக்கில். முறுக்குக் கொம்புக்காகச் செய்த பெட்டியில் பாதி காற்றுதான், காற்றுக்கும் காசு உண்டு. அமெரிக்காவில் இறங்கியதும் வனவிலங்குத் துறைக்கு 3-177 என்ற படிவம், சுங்க ஏஜெண்டுக்குக் கூலி. பன்றி என்பதால் நோய்ப் பயம். அந்தத் தோல் மட்டும் அரசு அங்கீகரித்த கூடத்துக்கு நேராகப் போயாக வேண்டும். எல்லாம் முறையாகவே இருந்தது. யாரும் இவனை ஏமாற்றவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர் அன்பளிப்பு: உங்கள் விருப்பம்.' மொத்தப் பட்டியலிலும் 'உங்கள் விருப்பம்' என்று போட்டிருந்த ஒரே வரி அதுதான்.

என் கோபம் அந்த ஒரு வரியின் மேல்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சைவம் கிடையாது. கருப்பசாமிக்குக் கிடா வெட்டினால் முதல் பந்தியில் உட்கார்கிற ஆள். மானைக் கொன்றது பாவம் என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. நான் கேட்பது வேறு. ஒரு தலையைச் சுவரில் மாட்டி, அதன் கீழே பித்தளைத் தகட்டில் ஒருவன் பெயரைப் பொறிக்கிறீர்களே, அது உண்மையான பெயர்தானா?

ஒரு கோப்பை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். விடியுமுன் ஒருவர் மண்ணைப் பார்த்து நடக்கிறார். குளம்புத் தடம் எந்தப் பக்கம் போகிறது, சாணத்தின் ஈரம் எவ்வளவு, காற்று எந்தத் திசை, எல்லாம் அவர் கணக்கு. விருந்தாளி அவர் பின்னால் நடக்கிறான். இங்கே குனி, இங்கே மூச்சை அடக்கு, இப்போது சுடு என்கிறார்கள். சுடுகிறான். அதற்கு ஆகிற நேரம் சில நொடிகள்.

அதன் பிறகு மறுபடியும் மற்றவர்கள் வேலை. சில மணி நேரத்துக்குள் தோலை உரித்து, சதையை வழித்து, உப்புப் பூச வேண்டும். தாமதமானால் முடி கொட்டிவிடும், தோல் எதற்கும் ஆகாது. கண்ணிமை, உதடு, காது மடல் இந்த மூன்றிலும் கத்தி ஒரு நூல் தவறினாலும் முகம் கெட்டுவிடும். பிறகு பதனிடுதல், நுரைப் பிளாஸ்டிக்கில் செய்த உருவத்தின்மேல் தோலைப் போர்த்தித் தைத்தல், கண்ணாடிக் கண். மாதக்கணக்கில் ஆகும். இத்தனை கைகளில் தகட்டில் ஏறுவது விசையை அழுத்திய ஒரு விரலின் சொந்தக்காரன் மட்டும்.

என் தொழிலில் இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு வரி நிரலை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று கட்டளை கொடுத்தால் திரையில் வந்துவிடும். கடைசியில் பட்டனைத் தட்டிய மேனேஜர் பெயரில் மொத்த நிரலையும் பதிவு செய்தால் ஆபீஸே கொதிக்கும். வேட்டைக் கோப்பையோ நூறு வருஷமாக அப்படித்தான் பதிவாகிறது. கேட்டால் மரபு என்கிறார்கள்.

நண்பனிடம் கேட்டேன், உனக்கு எங்கிருந்துடா இந்த ஆசை? "சின்னப் பிள்ளையில ஒரு பங்களாவுல காட்டுமாட்டுத் தலை பாத்தோம்ல, மறந்துட்டியா?" என்றான். மறக்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே, ஒரு பழைய எஸ்டேட் பங்களா. அவன் அப்பாவோடு ஜீப்பில் போனோம். 17 கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி. சுவரில் அந்தத் தலை. கண்ணாடிக் கண் நாம் எங்கே நின்றாலும் பார்க்கிற மாதிரி இருக்கும். கீழே ஒரு துரையின் பெயரும் ஒரு வருஷமும். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தத் தலை ஒரே மாதிரிதான் பிடித்திருந்தது. அவனுக்கு அது கனவாகி நமீபியா வரை போயிருக்கிறது.

எனவே நமீபியாவைப் பேசுமுன் எங்கள் மலையைப் பேசியாக வேண்டும்.

ஜான் டேனியல் மன்றோ 1877-ல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் காடு தோட்டமானது. 1902-ல் மூணாற்றில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் அது குறும்பாதை ரயிலானது. 1924 வெள்ளம் அதைக் கொண்டுபோனது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் தேயிலைப் பெட்டி இறங்கும், அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, பிறகு கப்பல். மலைக்கும் லண்டனுக்கும் நடுவில் எங்கள் ஊர் ஒரு வாசல்.

தேயிலை போட்ட துரைகளின் ஞாயிற்றுக்கிழமை வேட்டையில் போனது. அவர்கள் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க ஒரு சங்கமும் வைத்துக்கொண்டார்கள். வரையாடு, காட்டுமாடு, மிளா, புலி. லண்டனில் ரோலண்ட் வார்ட் என்ற பாடக்கூடக்காரர் 1892-ல் பெருவிலங்குச் சாதனைப் பதிவேடு ஒன்றை வெளியிட்டார். கொம்பின் நீளம் இன்ச் கணக்கில், பக்கத்தில் சொந்தக்காரர் பெயர். லண்டன் வரை போக முடியாதவர்களுக்கு மைசூரில் வான் இங்கன் கூடம் இருந்தது. யூஜின் வான் இங்கன் ஆரம்பித்து, மகன்கள் நடத்தி, 1999-ல் மூடப்பட்டது. காகிதக் கூழ் உருவத்தின்மேல் தோலைப் போர்த்தி, உறுமுகிற வாயோடு புலி செய்வதில் உலகப் பேர் வாங்கியவர்கள். அந்த நிறுவனத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய பாட் மோரிஸின் கணக்குப்படி அங்கே பாடமான புலிகளும் சிறுத்தைகளும் மட்டும் 40,000-க்கும் மேல். அந்தக் கடை லேபிள் இருந்தால் இன்றைக்கும் பழம்பொருள் ஏலத்தில் தனி மதிப்பு.

ஆக, சுட்டவர் பெயர் தெரியும். பாடம் செய்த கடையின் பெயர் தெரியும். கொம்பின் நீளம் அரை இன்ச் சுத்தமாகத் தெரியும். துரைக்கு முன்னால் நடந்தவர்?

இந்தச் சரிவுகளில் காட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் முதுவரும் பளியரும். மதுரையிலிருந்து மலையேறி வந்தோம், மீனாட்சியை முதுகில் சுமந்து வந்தோம், அதனால் முதுவர் என்பது அவர்களுடைய கதை. குரங்கணிக்குப் பக்கத்தில் முதுவாக்குடி என்றே ஊர் இருக்கிறது. அந்தக் கால வேட்டைப் புத்தகங்களில் இவர்கள் 'என் தடங்காட்டி', 'ஒரு கூலி', 'கிழட்டு ஷிகாரி' என்று வந்துபோவார்கள். துரையின் நாய்க்குப் பெயர் இருக்கும், துப்பாக்கிக்கு மாடல் நம்பர் இருக்கும். கண்ணன் தேவன் என்பதே அந்த மலையில் இருந்த ஒரு தலைவரின் பெயர், முதுவர் மூப்பன் பெயர் என்று கதைகள் உண்டு. உண்மையானால் மலைவாசி ஒருவரின் பெயர் தப்பிப் பிழைத்து தேயிலைப் பாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. கோப்பைத் தகட்டில் அதற்கும் இடமில்லை.

இந்த இடத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர் குறுக்கே வருவார். "தம்பி, அந்த வேட்டைக்காரர்கள் இல்லை என்றால் வரையாடே மிஞ்சியிருக்காது. இரவிகுளத்தைப் பாருங்கள்."

நல்ல வாதம். ஒதுக்கிவிட முடியாது. இரவிகுளம் தேயிலைக் கம்பெனியின் வேட்டைக்காடாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதால்தான் அங்கே தேயிலை ஏறவில்லை. 1971-ல் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. இன்று வரையாடு இந்த அளவுக்குக் கூட்டமாக வாழும் இடங்கள் மிகக் குறைவு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று நாம் பெருமைப்படுகிற உயிர் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வேட்டைச் சங்கத்தின் வேலிக்குள் தப்பித்தது. மறுக்கவில்லை.

ஆனால் அந்த வேலி யார்? புல்வெளியில் மழையிலும் பனியிலும் நடந்து, கள்ள வேட்டைக்காரனை விரட்டி, ஆட்டுக் கூட்டத்தைக் கண்ணில் வைத்திருந்த காவலர்கள் யார்? சங்கம் வேலைக்கு வைத்த முதுவர்கள். துரை வருஷத்தில் சில நாள் வந்தார். முதுவர் வருஷம் முழுக்க இருந்தார். 'வேட்டைக்காரர்கள் காடு காத்தார்கள்' என்ற வாக்கியமே இன்னொரு பித்தளைத் தகடுதான். அதிலும் சுட்டவர் பெயர் இருக்கிறது, நடந்தவர் பெயர் இல்லை.

அடுத்த வாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வரும். வேட்டைப் பணத்தில்தான் அங்கே கிராமங்கள் விலங்குகளைத் தாங்கிக்கொள்கின்றன என்பது. இதையும் நான் கேட்கத் தயார். நமீபியாவில் நயே நயே பகுதியின் சான் மக்கள் 1998-லேயே தங்கள் நிலத்தைச் சமூகக் காப்பகமாகப் பதிவு செய்தவர்கள்; வேட்டை அனுமதியிலிருந்து அவர்களுக்குப் பணமும் இறைச்சியும் வருகிறது. கோப்பை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு என்று ஜெர்மனி பேசியபோது, போட்ஸ்வானா அதிபர் மசிசி 2024-ல் 20,000 யானைகளை அனுப்பிவைக்கிறேன், நீங்கள் வைத்துக்கொண்டு பாருங்கள் என்றார். யானை மிதித்த சோளக்காட்டின் சொந்தக்காரர் கேட்கிற கேள்வியை ஏசி அறையில் இருந்து நான் தள்ளிவிட முடியாது. சின்னக்கானலில் இரவு யானைச் சத்தம் கேட்டு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்த வீடுகளை எனக்குத் தெரியும். அவர்கள் நாட்டில் வேட்டை இருக்கலாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

நான் பேசுவது என் நண்பனிடம். "அந்த மக்களுக்காகத்தான்டா" என்று நியாயம் சொல்கிறாயே, அந்த மக்களில் ஒருவர் பெயரைச் சொல். உன் படிவத்தில் விலங்கின் பெயர் இருக்கிறது, பண்ணையின் பெயர் இருக்கிறது, அனுமதி எண், டேக் எண், வேட்டை நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருக்கிறது. யாருக்காக இந்த வேட்டை என்கிறாயோ அவருக்கு மட்டும் கட்டம் இல்லை. அவருக்கு இருப்பது 'உங்கள் விருப்பம்'.

நம் சட்டமும் இந்தத் தகட்டைப் பார்த்து எழுதியதுதானோ என்று எனக்குச் சந்தேகம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சுவரில் கோப்பை வைத்திருந்தவர்கள் அதைத் தெரிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வழி இருந்தது. தவறவிட்டவர்களுக்காக 2003-ல் இன்னொரு கதவு திறந்தார்கள், 180 நாள் அவகாசம். விற்க முடியாது, ஆனால் பிள்ளைக்குப் போகும். தாத்தா சுட்ட புலி பேரனுக்குச் சட்டப்படி சேரும். 2006 வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்கிறவர்களின் மரபுரிமைகளைப் பட்டியலிட்டது: தேன், கிழங்கு, மேய்ச்சல், மீன். அந்தப் பட்டியலிலேயே வேட்டை உரிமை மட்டும் நீங்கலாக என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

மலைவாசிக்கு வேட்டை உரிமை கொடு என்று நான் கேட்கவில்லை. விலங்குகள் இருக்கிற நிலையில் அந்தத் தடை வேண்டியதுதான். ஆனால் இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வயிறு எரிகிறது. பொழுதுபோக்குக்குச் சுட்டவன் வீட்டு வேட்டை வாரிசுச் சொத்து ஆனது. பசிக்கும் வழக்கத்துக்கும் வேட்டையாடியவன் வீட்டு வேட்டை குற்றம் ஆனது. முன்னவனிடம் காகிதம் இருந்தது, தகடு இருந்தது. பின்னவன் எதையும் சுவரில் மாட்டவில்லை. அவன் வீட்டில் அப்படி ஒரு சுவரும் இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் இன்ஸ்டாவில் அந்த ரீல்களைப் பார்த்திருப்பீர்கள். போடிமெட்டைத் தாண்டினால் வரிசையாக ஹோம்ஸ்டே. வரவேற்பறையில் ஃபைபரில் செய்த காட்டுமாட்டுத் தலை, தோல் நாற்காலி, ஒரு பழைய துப்பாக்கி மாதிரி. 'கலோனியல் வைப்' என்று தலைப்பு. உயிரைக் கொல்லாத தலைதானே என்று சிரித்துக்கொண்டே படம் எடுக்கிறோம். அதில் நாம் வாடகைக்கு எடுப்பது துரையின் நாற்காலியை. அந்தப் படத்தில் நம்மில் யாருமே தடம் பார்த்தவரின் இடத்தில் நிற்பதில்லை. என் அப்பத்தா பேரன் நான்; நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் படம் எடுத்தேன்.

அப்பத்தா விடியக்காலை நாலரைக்கு ஜீப் ஏறுவார். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். மலையேறி, நாள் முழுக்கச் செடிக்கு அடியில் குத்துக்காலிட்டுக் காய் எடுத்து, பொழுது சாய இறங்குவார். நகக்கண்ணில் கறை போகவே போகாது. அந்தக் காய் காய்ந்து, தரம் பிரித்து, போடி ஏலத்துக்கு வரும். லாட் நம்பர் உண்டு, எடை உண்டு, தோட்டக்காரர் பெயர் உண்டு. 8 மில்லிமீட்டர் காய் என்றால் விலை ஏறும். ஏலக்காயை மில்லிமீட்டரில் அளக்கிற ஊரில் பிறந்தவனுக்குக் கொம்பை இன்ச்சில் அளக்கிற புத்தகம் புதிதாகவே தெரியவில்லை. இரண்டிலும் எடுத்தவர் பெயருக்குக் கட்டம் கிடையாது.

அந்தக் கட்டங்களை வரைகிறவன் நான்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு சரக்குப் படிவங்கள் வடிவமைக்கிறேன். எந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், எது 'விருப்பமிருந்தால்' என்று தீர்மானிக்கிற கூட்டங்களில் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஏற்றியவர், இறக்கியவர் பெயர் வேண்டுமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. "யார் சார் அதப் பாக்கப் போறா?" என்று சொன்னது நான்தான். நண்பனின் பிடிஎஃப் என்னைச் சுட்டதற்கு அதுவும் காரணம்.

பெயர் எழுதுவது நமக்குப் பழக்கமில்லாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பை என்று ஒரு ஊர். 2006-ல் அங்கே தமிழ் பிராமி எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன. 2,000 வருஷத்துக்கு மேல் பழையவை. ஆநிரை கவர்ந்த பூசலில் செத்துப்போன ஒருவனுக்கு நட்ட கல் ஒன்றில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது: தீயன் அந்தவன். அரசன் பெயரை எழுதிவிட்டுச் செத்தவனை 'ஒரு வீரன்' என்று விட்டுவிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவர் காலத்து நடுகல்லில், எஜமானோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்கும் பெயர் உண்டு: கோவிவன். கல்லில் எழுத்து வெட்டுவது எவ்வளவு சிரமம்! அந்தச் சிரமத்தில் நாயின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். நமக்கு விசைப்பலகையில் ஒரு கட்டம் சேர்க்கச் சோம்பல்.

அன்றைக்கு ராத்திரி நண்பனைக் கூப்பிட்டேன்.

"கொட்டேஷன் சரியாத்தான்டா இருக்கு. ஒண்ணு கேக்கணும். ஒனக்குத் தடம் பாத்தவர் பேரு என்ன?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அது... நாக்கச் சொடுக்கி ஒரு சத்தம் வரும் மாப்ள அந்தப் பேர்ல. நமக்கு வாயில நுழையாது. நாங்க எல்லாம் ஜான்னு கூப்ட்டோம்."

"ஏஜெண்டுக்கு மெயில் போட்டுக் கேளு. தகட்டுல ஒம் பேருக்கு மேல அவரு பேரப் போடு."

"டேய், சுட்டது நானுடா."

"அதுக்குத்தான் கீழ ஒம் பேரு."

சிரித்தான். பிறகு குரல் மாறியது. "எல்லாத்தையும் அரசியலாக்காத மாப்ள" என்று வைத்துவிட்டான். மூன்று வாரமாகிறது, பேசவில்லை. இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம்; வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிற எண்ணம் இல்லை.

மறுநாள் ஆபீஸில் ஒரு டிக்கெட் போட்டேன்: ஏற்றியவர் பெயர், இறக்கியவர் பெயர், இரண்டு கட்டங்கள், இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல், வேலை செய்தவர்கள் அவர்கள் என்பதால், என்று எழுதினேன். 'எந்த க்ளையண்ட் கேட்டது?' என்று ஒரு கமெண்ட் வந்திருக்கிறது. டிக்கெட் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

அடுத்த தடவை மலைக்குப் போகிறீர்கள், ஏதோ ஒரு சுவரில் ஒரு தலையைப் பார்க்கிறீர்கள் என்றால், படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எடுத்துவிட்டு அங்கே இருப்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதற்கு முன்னால் நடந்து போனவர் பேர் என்ன? தெரியாது என்பார்கள். கேட்டுவிட்டு வாருங்கள்.